வெளிச்சம் இருக்கும்போதே

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்க மதினி. எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். மடியில இந்தத் தூக்குச்சட்டி சாயாம இருக்கணும், அம்புட்டுத்தான். கோழிக்குழம்பு வச்சிருக்கேன். இந்த டிரைவர் என்னன்னா பிரேக்க மிதிச்சு மிதிச்சு ஓட்டுதாரு.

தங்கச்சியப் பாக்கப் போறேன். பாளையங்கோட்டையில லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. சண்முகக்கனின்னு பேரு, கனின்னு கூப்பிடுவோம். லேப் டெக்னீசியன் படிக்கா. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்கல்லா, அந்தப் படிப்பு. நல்ல படிப்புன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. அது ஹாக்கி ஆடுத பிள்ளை மதினி. இந்நேரம் இந்தியா சட்டை போட்டு டி.வி.யில வந்திருக்க வேண்டிய பிள்ளை. ஒரு டீச்சர் கெடுத்துட்டாங்க. நான் யாரையும் பழி சொல்லுத ஆளு இல்ல. ஆனா நடந்தத சொல்லணும்லா?

நமக்குக் கோவில்பட்டி. எங்க ஊர்ல ஹாக்கின்னா உங்களுக்குத் தெரியாததா? தெருவுக்குத் தெரு மட்டையோட பிள்ளைங்க நிக்கும். எங்கம்மா காய்ச்சல்ல போய்ச் சேந்தப்ப கனி ரொம்பச் சின்னப் பிள்ளை, பாவாடை நாடா கட்டத் தெரியாது. அப்பா லாரியில வடக்க போனவரு போனவருதான். நான் படிப்ப விட்டுட்டுக் கடலமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் போடப் போனேன். வளத்தேன். அக்கான்னுதான் கூப்பிடுவா, ஆனா நான் அவளுக்கு அக்காவா இருந்ததில்ல, ஆத்தாளா இருந்தேன்.

ஆறாப்பு படிக்கும்போது ஒருநாள் ஸ்கூல்லருந்து வந்து, அக்கா நான் ஹாக்கில சேந்துட்டேன்னா. எனக்கு என்ன தெரியும்? சரி போன்னேன். அப்புறம் ஒரு மேட்ச்சுக்குப் போனேன். மதினி, அந்தப் பந்து இவ மட்டையில ஒட்டிக்கிட்டு வருது. நாலு பிள்ளைங்க மறிக்காங்க, இவ சிரிச்சுக்கிட்டே நழுவிப் போறா. பக்கத்துல நின்ன ஆளு, யாரு பிள்ளைய்யா இதுன்னாரு. நான் சொன்னேன், எம்பிள்ளைன்னு. அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன், இத விடக் கூடாதுன்னு.

வெறும் ஆட்டம் போதாதுல்லா? ஆசை இருந்தாப் போதுமா, ஒழுங்கு வேணும். விடியுமுன்ன எழுப்பி விட்டுருவேன். ஒரு நாள் தவறாது. மழையா, மழையில ஓடு. தீபாவளியா, ஓடிட்டு வந்து எண்ணெய் தேயி. அவ ஓடுவா, நான் சைக்கிள்ல பின்னால போவேன். நானும் தூங்கலல்லா? அவள மட்டுமா எழுப்பினேன்? சாயங்காலம் ஸ்கூல் பிராக்டீஸ் முடிஞ்சு வந்தா, வீட்டுக்குப் பின்னால சுவத்துல பந்த அடிச்சுப் பழகணும். சத்தம் நின்னா நான் அடுப்படியிலருந்து, ஏட்டி கனீன்னு ஒரு குரல் குடுப்பேன். அம்புட்டுத்தான். ஒரு நாளாவது கை ஓங்கியிருப்பேனா? கேட்டுப் பாருங்க எங்க தெருவுல. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல.

கூடப் படிக்கிற பிள்ளைங்க பிறந்தநாளு, கல்யாணம், கோயில் கொடைன்னு கூப்பிடுவாங்க. போக விட மாட்டேன். ஒரு தடவை போனா மனசு அங்கேயே நிக்கும். எனக்கும் ஒரு மாப்பிள்ளை வந்துச்சு மதினி, சாத்தூர்க்காரங்க. ஞாயித்துக்கிழமை பாக்க வாரோம்னாங்க. அன்னைக்குக் கனிக்கு மேட்ச்சு. வேற நாள் வாங்கன்னு சொல்லி விட்டேன். அவங்க வரல. போகட்டும். இவளுக்காக நான் விட்டேன்னு நான் என்னைக்கும் அவகிட்டச் சொன்னதில்ல. என்னைக்காவது, எந்திரிக்க மாட்டேன்னு அவ அடம் பிடிச்சா மட்டும் சொல்லுவேன்.

ஆனா அப்புறம் அப்புறம் அவளே எந்திரிச்சுருவா. அதச் சொல்லணும். எழுப்பவே வேண்டாம். நான் கண்ண முழிச்சாப் பாயில ஆளு இருக்காது, வாசல்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருப்பா. காய்ச்சல் அடிச்சாலும் போவா. படுத்துக்கோட்டின்னு நானே ஒரு நாள் சொன்னேன். படுத்தாத்தான் அக்கா எனக்குப் பயமா இருக்குன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு மதினி. பிள்ளை வைராக்கியத்தப் பிடிச்சுக்கிட்டான்னு நினைச்சேன். சிரிக்கிறது கொறஞ்சு போச்சுதான். பெரிய ஆட்டக்காரின்னா அப்படித்தான இருப்பாங்க?

அப்பத்தான் அந்த ஜெபராணி டீச்சர் வந்தாங்க. புது பி.டி. டீச்சர். அவங்களும் அந்தக் காலத்துல ஸ்டேட்டுக்கு ஆடினவங்களாம். வந்ததும் மொதல்ல பிள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு விட்டாங்க. ஞாயித்துக்கிழமை யாரும் மட்டையத் தொடக் கூடாது, நல்லாத் தின்னு தூங்குங்கன்னு. எங்கயாவது உண்டா? மத்த ஊர்ப் பிள்ளைங்க ஞாயித்துக்கிழமையும் ஓடும்லா? நான் என்ன செஞ்சேன், ஞாயித்துக்கிழமை டீச்சருக்குத் தெரியாம கனிய ஊருக்கு வெளிய கம்மாய்க்குக் கூட்டிட்டுப் போயி ஓட விட்டேன். தண்ணியில்லாத கம்மாய், கட்டாந்தரை. டீச்சர் கேட்டாச் சொல்லாதன்னேன். அவ தலைய ஆட்டினா.

கால் வலிக்குதுன்னு சொன்னா. முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல. தொட்டாலே துடிப்பா. நொச்சி இலையப் போட்டு வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன், எண்ணெய் நீவினேன், எல்லாம் செஞ்சேன். செஞ்சுட்டுச் சொன்னேன், கனி, கால் சொல்லுதத நாம கேக்கக் கூடாது, நாம சொல்லுததத்தான் கால் கேக்கணும்னு. அவ அதத் திருப்பிச் சொன்னா. அப்படியே சொல்லிக்கிட்டே ஓடுவா மதினி, வாய்க்குள்ள. சைக்கிள்ல பின்னால வரும்போது எனக்குக் கேக்கும்.

நீங்க பொம்பளை, உங்ககிட்டச் சொன்னா என்ன. மாசாமாசம் வாரது அவளுக்கு நின்னு போச்சு. ஒரு வருசத்துக்கு மேல. நான் அதக் கெட்டதா நினைக்கல. ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாம போச்சேன்னு நினைச்சேன். எங்க அம்மன்தான் பிள்ளைக்குத் துணை நிக்கான்னு விளக்குக் கூடப் போட்டேன். அந்த டீச்சர் எப்படியோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு என்னை வரச் சொன்னாங்க.

கிரவுண்டு ஓரத்துல வேப்பமரம். அங்கன வச்சுத்தான் பேசினாங்க. "ராமலட்சுமி, இந்தப் பிள்ளைக்கு உடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்லம்மா. தின்னுறதவிட அதிகமா ஓடுதா. ரத்தம் கொறஞ்சு எலும்பும் பலம் கெட்டுப் போச்சு. ரெண்டு மாசம் உக்காரட்டும். டாக்டரப் பாப்போம்."

"ரெண்டு மாசமா? ஸ்டேட் செலெக்சன் வருதே டீச்சர்!"

"அடுத்த வருசம் போகலாம். அவ சின்னப் பிள்ளைதான. ஆட்டம் எங்கேயும் ஓடிப் போகாது."

"உங்களுக்கு என்ன டீச்சர், நீங்க ஆடி முடிச்சுட்டீங்க. இவ மேல வந்துருவான்னு உங்களுக்குப் பொறாமை."

சொல்லிட்டேன். பிள்ளைங்க எல்லாம் நிக்கி, நான் கத்திட்டேன். டீச்சர் கோபப்படல. அதான் எனக்கு இன்னும் எரிச்சல். கனியப் பாத்து, "கனி, நீ சொல்லும்மா. உனக்கு ஆடணும்போல இருக்கா?"ன்னாங்க.

கனி என்னப் பாத்தா. டீச்சரப் பாக்கல, என்னத்தான் பாத்தா. "ஆடுதேன் டீச்சர்"ன்னா. நீங்களே சொல்லுங்க, அவளாத்தான சொன்னா? நானா சொல்லச் சொன்னேன்?

டீச்சர் டீம்ல பேரு சேக்கல. நான் விடுவேனா? வேற ஒரு கிளப்பு மூலமா அலைஞ்சு திரிஞ்சு மதுரைக்கு செலெக்சனுக்குக் கூட்டிட்டுப் போனேன். வெளிய பாருங்க மதினி, கயத்தாறு வந்துட்டா? இல்லையா. இன்னும் வரலையா.

முந்தின நாள் சோறு எறங்கல அவளுக்கு. பஸ்சுல என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, அக்கா, நாளைக்கு முடிஞ்சதும் நான் ஒரு நாள் பூராத் தூங்கவான்னு கேட்டா. செலெக்ட் ஆகிட்டு எம்புட்டு வேணாலும் தூங்குன்னேன். சரின்னா.

மறுநாள் காலையில மேட்ச்சு. மொதப் பாதியில அவளப் பாத்திருக்கணும் மதினி. பந்து அவகிட்ட வந்தா மத்ததெல்லாம் சும்மா நிக்கும். செலெக்டர் ஒருத்தர் கையில இருந்த பேப்பரக் கீழ வச்சுட்டுப் பாத்தாரு, நான் கண்ணாலக் கண்டேன். என் கொலசாமிய நினைச்சுக்கிட்டே நின்னேன். ரெண்டாவது பாதி. பந்த எடுத்துக்கிட்டு வாரா, முன்னால ஆளே இல்ல, கோல்கீப்பர் மட்டுந்தான். நின்னுட்டா.

விழல மதினி. யாரும் தட்டி விடல. சும்மா நின்னுட்டா. பந்து தன்னப்போல உருண்டு வெளிய போச்சு. எல்லாரும் கத்துதாங்க, நானும் கத்துதேன், ஓடுட்டி, ஓடுட்டி கனின்னு. அவ குனிஞ்சு மட்டையப் புல்லு மேல படுக்க வச்சா. பிள்ளையத் தொட்டில்ல போடுவோம்லா, அப்படி. வச்சுட்டு நொண்டி நொண்டி நடந்து வாரா. நான் ஓரத்துல கையில தண்ணி பாட்டிலோட நிக்கேன். எங்கிட்டத்தான் வாரான்னு கைய நீட்டுதேன். என்னத் தாண்டிப் போயிட்டா.

பின்னால யாருன்னு பாத்தா அந்த ஜெபராணி டீச்சர் நிக்காங்க. அவங்க எப்ப வந்தாங்க, யாரு கூப்பிட்டாங்க, எனக்குத் தெரியாது. அவங்க தோள்ல முகத்த வச்சுக்கிட்டு இந்தப் பிள்ளை அழுதா பாருங்க. அம்மா செத்தன்னைக்குக் கூட அப்படி அழல. அன்னைக்கு என் மடியிலல்லா கிடந்தா.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்தா, எலும்பு ஒடஞ்சிருக்கு. அது மட்டும் இல்ல. பக்கத்துல இன்னொரு ஒடவு இருந்துருக்கு, பழசு, அதுவாக் கூடிக்கிட்டு வந்துருக்கு. அதோடதான் ஓடிக்கிட்டு இருந்துருக்கா. டாக்டரம்மா கேட்டாங்க, ஏம்மா, இம்புட்டு நாளா உனக்கு வலிக்கவே இல்லையான்னு.

"வலிச்சுது டாக்டர். வலிக்கும்போதுதான் சரியா ஓடுதோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த டாக்டரம்மா என்னத் திரும்பிப் பாத்தாங்க. ஏன் என்னப் பாக்கணும்? நானா ஒடச்சேன்? எங்க தெருவுல கண்ணு பொல்லாத கண்ணு மதினி. மொத மேட்ச்சுலயே அந்த ஆளு, யாரு பிள்ளைன்னு கேட்டான் பாருங்க, அன்னைக்கே சுத்திப் போட்டிருக்கணும். அதத்தான் நான் செய்யாம விட்டுட்டேன்.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுல கிடந்தா. தூங்கினா. எழுப்பிப் பாத்தேன். காலுதான முடியல, கை நல்லாத்தான இருக்கு, உக்காந்துக்கிட்டே கைக்குப் பயிற்சி செய்யலாம்லான்னேன். பூட்ஸக் கொண்டாந்து கட்டில் பக்கத்துல வச்சேன், பாத்துக்கிட்டே கிடந்தா ஆசை வரும்னு. சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. கட்டு பிரிச்சாங்க. நடந்தா. ஆனா வாசலத் தாண்ட மாட்டேங்கா. குளிக்கச் சொன்னாக் குளிப்பா, திங்கச் சொன்னாத் திம்பா. சொல்லலன்னா அப்படியே இருப்பா. தானா ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க மாட்டா.

ஒரு நாள் காலையில நான் வழக்கம்போலத் தட்டி எழுப்புதேன். எந்திரிச்சு உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. மெதுவாத்தான் சொன்னா. "அக்கா, நீ எழுப்பினா எந்திரிக்கத் தெரியும். நீ சொன்னா ஓடத் தெரியும். எனக்கா ஒண்ணு தோணி எந்திரிக்க எனக்குத் தெரியல. நான் எங்கயாவது போயி அதப் படிச்சுக்கிடுதேன் அக்கா."

"யாருட்டி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா? அந்த டீச்சரா?"

"யாரும் சொல்லல."

டீச்சர்தான். அவங்கதான் காலேஜ்ல எடம் வாங்கிக் குடுத்தது, ஹாஸ்டல்ல சேத்தது. பஸ் ஏத்தப் போனேன். மட்டைய எடுத்துட்டுப் போன்னேன். வேண்டாம்னுட்டா. பஸ் எடுக்கும்போது கையக் காட்டினா. நானும் காட்டினேன். வீட்டுக்கு வந்து சோறு வடிச்சேன், ரெண்டு பேருக்கு. பழக்கம்.

இது கயத்தாறுதான். ஆமா. இனிமே சீக்கிரம் போயிரும்.

வருசம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. நான் ஞாயித்துக்கிழமை தோறும் காலையில வந்துட்டு மத்தியானமே திரும்பிருவேன். அவளா இடையில எப்பவோ திரும்ப ஆட ஆரம்பிச்சிருக்கா. எங்கிட்டச் சொல்லல. போன வாரம் பிந்திப்போயி சாயங்காலமா ஹாஸ்டலுக்குப் போனா வாட்ச்மேன் சொல்லுதாரு, உங்க தங்கச்சி காலேஜ் கிரவுண்டுல இருக்கும், இன்னைக்கு அதுங்க ஆடுத நாளுன்னு. ஓட்டமும் நடையுமாப் போனேன். காம்பவுண்டுச் சுவத்துக்கு வெளிய நின்னு பாத்தேன்.

பெரிய ஆட்டம் ஒண்ணும் இல்ல மதினி. அஞ்சாறு பிள்ளைங்க, அதுல ரெண்டுக்கு மட்டையப் பிடிக்கவே தெரியல. கனி பந்த உருட்டிக்கிட்டு வாரா. ஒருத்தி காலு தடுக்கி விழுதா, இவ பந்த விட்டுட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. சதை போட்டிருக்கா. கன்னம் உப்பியிருக்கு, அம்மா சாடை வந்துருக்கு. ஆறாப்புல நழுவி நழுவிப் போனாள்லா, அதே மாதிரி போறா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. வந்துட்டா, எம்பிள்ளை திரும்பி வந்துட்டா, இன்னும் ஒரு வருசம் ஒழுங்கா உழைச்சா மறுபடியும் செலெக்சனுக்குக் கொண்டு போயிரலாம்னு நினைக்கேன், நினைச்சு முடிக்கல, கனி கையத் தட்டி, போதும்டி இன்னைக்குன்னு மட்டையத் தோள்ல போட்டுட்டா.

உள்ள போனேன். "ஏட்டி, இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கே, அதுக்குள்ள நிறுத்திட்ட?"

என்னக் கண்டதும் ஒரு நொடி முகம் மாறுச்சு. அப்புறம் பக்கத்துல வந்து என் முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா. சின்ன வயசுல செய்வா அப்படி. "வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்திரணும் அக்கா. இன்னும் கொஞ்சம் ஆடலாமேன்னு இருக்கும் பாரு, அப்பவே வந்துரணும். அப்பத்தான் அடுத்த தடவ காலு தானா கிரவுண்டுக்கு வருது."

"வாரத்துல எத்தனை நாளு ஆடுத?"

"தோணுத அன்னைக்குன்னு மொதல்ல வச்சேன். தோணவே இல்ல. அதனால வாரத்துல மூணு நாளுன்னு வச்சுக்கிட்டேன். அன்னைக்குத் தோணலன்னாலும் வந்து கொஞ்ச நேரம் பந்தத் தட்டுவேன். மத்த நாளு தோணினாலும் வர மாட்டேன்."

இப்படி ஆடினா எந்த டீம்ல எடுப்பான்? நீங்களே சொல்லுங்க. கேட்டேன் அவகிட்ட. "எடுக்க மாட்டாங்க அக்கா. அதுக்கு நான் ஆடல"ன்னா. அப்புறம் எதுக்குட்டி ஆடுதன்னேன். சும்மா சிரிச்சா. பாழாப் போச்சு மதினி. அப்பேர்ப்பட்ட கையும் அப்பேர்ப்பட்ட காலும், இப்படிப் பொழுதுபோக்கா ஆடுததுக்கா நான் வளத்தேன்? பஸ்சுல அன்னைக்கு ஊர் போய்ச் சேருத வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன்.

அதுக்காக மட்டும் அழல. இன்னொண்ணு கேட்டா. அது முள்ளா உள்ள நிக்கி.

கிரவுண்டு படியில ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். நான் கொண்டு போனத ஊட்டி விட்டேன், வாங்கிக்கிட்டா. என் கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. கம்பெனியில மிட்டாய்ப் பாகு ஊத்துத வேலையும் உண்டு, சுட்டுச் சுட்டு இந்த விரலு இப்படி ஆகிப்போச்சு பாருங்க. "அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் உனக்கு லீவு. அன்னைக்கும் என்னப் பாக்க ஓடியாரியே. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வாயேன். அந்த ஞாயிறு நீ உனக்குப் பிடிச்சத எதையாவது செய்யி"ன்னா.

"எனக்கு என்ன பிடிக்கும்? உன்னப் பாக்கத்தான் பிடிக்கும்."

"அது சரி. அது இல்லாம? உனக்கு என்ன பிடிக்கும் அக்கா?"

"நீ செலெக்ட் ஆனாப் பிடிக்கும்."

"அது எனக்கு. உனக்கு?"

சொல்ல வாயத் தொறந்தேன். ஒண்ணும் வரல மதினி. எதாவது இருக்கும்லா ஒரு மனுசிக்கு? நாக்குல ஒண்ணுமே இல்ல. அவ காத்துக்கிட்டு இருக்கா, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு. அவ கண்ணு கலங்குதது தெரிஞ்சுது. பஸ்சுக்கு நேரமாச்சுட்டின்னு எந்திரிச்சுட்டேன். வாசல் வரைக்கும் கூட வந்தா. "அடுத்த தடவ வரும்போது சொல்லுக்கா. யோசிச்சு வச்சுச் சொல்லு"ன்னா. விளையாட்டாச் சொல்லல. கெஞ்சுத மாதிரி சொன்னா.

வாரம் பூரா யோசிச்சேன். கம்பெனியில பாக்கெட் போட்டுக்கிட்டே யோசிச்சேன். பக்கத்துல இருக்கவகிட்டக் கேட்டேன், உனக்கு என்னட்டி பிடிக்கும்னு. அவ பொட்டு, பூவு, சினிமா, கடல்னு அடுக்குதா. கேட்டுக்கிட்டு இருந்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் என்னுதா இல்ல. சின்னதுல ஏதோ இருந்த மாதிரி இருக்கு. படிக்கிறப்ப, அம்மா இருக்கும்போது. என்னன்னு நினைவு வர மாட்டேங்குது.

அந்தா, தாழையூத்து தாண்டிட்டான். இனி வண்ணார்பேட்டைதான், நான் இறங்கணும். கனி ஸ்டாப்புலயே நிப்பா. பஸ்சுலருந்து காலு வைக்கும்போதே கேப்பா, எனக்குத் தெரியும். இன்னைக்கும் எனக்கு ஒண்ணும் தோணலன்னு சொன்னா அந்தப் பிள்ளை தாங்க மாட்டா.

உங்களுக்கு என்ன பிடிக்கும் மதினி? சும்மா எதாவது ஒண்ணு சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. அதையே நான் என்னுதுன்னு சொல்லிக்கிடுதேன்.